கேட்க ஆளில்லாத கல்

சைக்கிள் டயரிலிருந்து ரொட்டி சுடுகிற வாசம் வந்தது.

டயர் என்றால் ரப்பர் வாசம் வரலாம். சேற்று வாசம், சாணி வாசம் வரலாம். இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தால் கருகல் வாசம்கூட வரும். அதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து, விறகடுப்பில் தகரம் வைத்துச் சுட்ட ரொட்டியின் வாசம் டயரில் வருவதற்கு எந்த நியாயமும் இல்லை. விஜிதரன் ஏரிக்கரை வளைவில் சைக்கிளை நிறுத்தி, குனிந்து, முன் டயரை மோந்து பார்த்தான். பின் டயரையும் மோந்து பார்த்தான். பின் டயரில் ரொட்டி கொஞ்சம் தீய்ந்திருந்தது.

அவனுக்குக் கோபம் வந்தது.

விஜிதரனுக்குக் கோபம் வராத நாளில் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்யாது என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் சொல்வார்கள். ஊசிமலையில் வருடத்துக்கு முந்நூறு நாள் மழை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கு வந்தது அந்தச் சாதாரணக் கோபம் இல்லை. இரண்டு நாளாக உலை மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே தருவான். ஹட்டனில் ஆபீஸ் போட்டுச் சைக்கிள் சவாரிக் கம்பனி நடத்துகிற துரைராசா மேல். ட்ராக்டர் ஓட்டுகிற செல்லசாமி மேல். மழை மேல், பனிமூட்டத்தின் மேல், நாளைக் காலை வந்து இறங்கப்போகிற எட்டு வெள்ளைக்காரர்கள் மேல். பட்டியலில் அவன் சேர்க்காத பேர் ஒன்று உண்டு. அது அவனுடைய பேர்.

விஷயம் இதுதான். ஏரியைச் சுற்றி முப்பத்தொரு கிலோமீட்டருக்கு, தாரில்லாத சரளைக்கல்லில், ஒரு கிறவல் பாதை. தோட்டத்து வண்டிப் பாதைகள், கொழுந்து லொறி போய்ப் போய்த் தேய்ந்த தடங்கள், துரைமார் குதிரையில் போன ஒற்றையடிகள் என்று துண்டு துண்டாகக் கிடந்தவற்றை ஒட்டுப் போட்டு, போனில் வரைபடமாகப் பதிந்து, 'ஏரி வட்டம்' என்று பேர் வைத்தவன் விஜிதரன். தடித்த டயரும் வளைந்த ஹேண்டிலும் உள்ள சைக்கிளில் சுற்றி வர நாலு மணி நேரம். அந்தப் பாதையில் எந்த மேட்டில் எந்தக் கியர்ப் பல் மாற்ற வேண்டும், எந்த லயத்தில் எந்த நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பது வரை அவனுக்குத் தெரியும். நாளைக்கு முதல் சவாரி. அது நல்லபடியாக முடிந்தால் அவன் தலைமை வழிகாட்டி.

ஒரே ஒரு இடத்தில்தான் தகராறு. மேற்குக் கரையில் நானூறு மீட்டர், ஒரே சேறு. அதன் இந்த முனையில் கீழ்ப்பிரிவு லயமும், லயத்தின் புதுப் புதைமேடும். அந்த முனையில் யாரும் போகாத பழைய புதைமேடு.

"தம்பி, இதுக்குள்ள ஆராவது விழுந்து கால் முறிஞ்சால் என்ர கம்பனி முடிஞ்சுது," என்றார் துரைராசா. "கல்லுப் போட்டு இறுக்குங்கோ. கல்லு எங்க கிடக்கெண்டு உமக்குத்தானே தெரியும்?"

தெரிந்திருந்தது. அதுதான் வினை.

ஊசிமலையில் ஒரு வழக்கம். அடுப்புக்கு மூன்று கல். வீட்டில் ஓர் ஆள் செத்தால் அந்த மூன்றில் ஒன்றை எடுத்துப்போய்த் தலைமாட்டில் நட்டுவிடுவார்கள். அடுப்புக்கு ஆற்றிலிருந்து புதிதாக ஒரு கல் வரும். நட்ட கல்லில் பேர் கொத்துவதில்லை, தேதி போடுவதில்லை. கரி பிடித்த பக்கம் கிழக்கே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கல் யாருடையது என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும். பழைய மேட்டுக் கற்களின் வீடுகளோ, இரு நாட்டு ஒப்பந்தக் காலத்தில் மூட்டை முடிச்சோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டன. கல்லைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை.

ஆகவே விஜிதரன் செல்லசாமியைக் கூப்பிட்டுச் சொன்னான்: "பழைய மேட்டுல அள்ளுங்கண்ணே. கேக்க ஆளில்லாத கல்லு." கொஞ்சம் யோசித்து, "புது மேட்டுப் பக்கம் மட்டும் போயிறாதீங்க. அங்க எங்கம்மா இருக்கு," என்றும் சொன்னான்.

செல்லசாமி பழைய மேட்டில் அள்ளினான். கல் உடைக்கும் மெஷினில் கொடுத்துச் சல்லியாக்கினான். சேற்றில் கொட்டி ரோலர் உருட்டினான். புதன்கிழமை, கடைசி நடையில், சின்னதாக ஒரு தவறு நடந்தது.

"ட்ராக்டர் பெட்டி நெறையல தம்பி," என்றான் செல்லசாமி, விஜிதரன் அவன் சட்டையைப் பிடித்தபோது. "நெறையாத பெட்டியோட போனா எனக்கு அன்னைக்கு ஒறக்கம் வராது. வார வழியில புது மேட்டு ஓரத்துல ஒண்ணு தனியா நின்னுச்சு. ஒரே ஒரு கல்லு."

"அது எங்கம்மா கல்லுடா!"

செல்லசாமி பீடியை எடுத்துக் கீழே போட்டான். யோசித்தான். "அதையும் சேத்து ஒடச்சாச்சே," என்றான்.

நாளைக்கு அவன் அம்மா அம்மாக்கண்ணு செத்து ஒரு வருடம். கொழும்பில் வேலை செய்கிற தங்கச்சி லோஜினி புருஷனோடு காலையில் வந்துவிடுவாள். மத்தியானம்தான் போனில் பேசினாள். "அண்ணே, அம்மா கல்லக் கழுவி மட்டும் வையி. மஞ்ச, கற்பூரமெல்லாம் நான் கொண்டாறேன். கல்லு இருக்குல்ல?"

"இல்லாம எங்க போகும்?" என்று எரிந்து விழுந்திருந்தான் விஜிதரன்.

லோஜினியை ஏமாற்றுவது லேசான காரியமில்லை. அம்மாவின் கல்லில் ஓர் அடையாளம் இருந்தது. முப்பது வருடமாக அம்மா அதில்தான் கத்தி தீட்டினாள். நெற்றி மாதிரி இருந்த மேல்விளிம்பில் விரல் நீளத்துக்கு, விரல் ஆழத்துக்கு ஒரு குழி. சின்ன வயதில் அண்ணனும் தங்கச்சியும் அந்தக் குழியில் விரலை வைத்துத்தான் சத்தியம் செய்வார்கள்.

அந்தக் குழியுள்ள துண்டையாவது எடுத்துவிட வேண்டும். இருட்டுவதற்குள். அதற்குத்தான் வந்திருந்தான்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சல்லிக்கு நடுவில் குந்தினான். கையால் அளைந்தான். பாதி துண்டுகளில் ஒரு பக்கம் கரி. மெஷின் கல்லை நாலாக, பத்தாக உடைத்திருந்ததே தவிர, கரியை ஒன்றும் செய்யவில்லை. ஐம்பது வருடம் மழையில் நின்ற கரி விரலில் பசபசவென்று புதிதாக ஒட்டியது. ஒரு துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொன்றும் அப்படித்தான். வெயிலாக இருக்கும் என்று நினைத்தான். ஊசிமலையில் வெயிலைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"என்னா விஜி, கம்பனி தலைக்கு மட்டும்தான் தொப்பி குடுத்துச்சா? இடுப்புக்கு ஒண்ணும் குடுக்கலியா?"

மேல்மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கிய பெண்கள், தலையில் வெறுங்கூடைகளோடு வரம்பில் நின்றார்கள். கேட்டவள் பூரணி. அவன் போட்டிருந்த இறுக்கமான சைக்கிள் காற்சட்டையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை.

"என்னா பொறுக்குற?"

"ஒண்ணுமில்ல. நட்டு ஒண்ணு கழண்டு விழுந்திருச்சு."

"காலையில பேரு கூப்புடுற பெரட்டுல வச்சு, மேற்பார்வை பாக்குற கண்டாக்கையாகிட்ட கேட்டோம், பழைய மேட்டுக் கல்ல எவன் அள்ளுனான்னு. கம்பனிக்காரன்கிட்ட போயி கேளுங்கன்னாரு. கம்பனிக்காரன் யாரு? நீதானே?"

"எனக்கு என்னா தெரியும்? நான் சைக்கிள் ஓட்டுறவன்."

"ஓட்டு. நல்லா ஓட்டு." பூரணி கூடையின் தலைக்கயிற்றை இழுத்துச் சரிசெய்தாள். "எங்க பாட்டனோட பொறந்த மூணு பேரு அங்க இருக்காங்க. அவங்க புள்ளைங்கள கப்பலேத்தி அனுப்புனாங்க. போறப்ப அந்தப் புள்ளைங்க எங்க பாட்டன் கையப் புடிச்சிக்கிட்டு, கல்லப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். கேக்க ஆளில்லன்னு எவனோ சொன்னானாமே. எவன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

விஜிதரனுக்குக் காது சூடானது. "வேலைய முடிச்சாச்சுன்னா வீட்டுக்குப் போங்கக்கா. வழியில நின்னுக்கிட்டு…"

"போறோம். நாங்க போயிருவோம். இருட்டுறதுக்குள்ள நீயும் போயிரு." அவள் ஏரிப் பக்கம் தாடையைக் காட்டினாள். "ரெண்டு நாளா இந்த ரோட்டுல பொகை. ரொட்டி வாசம். ஆளில்லாத எடத்துல எவ அடுப்பு மூட்டுறா?"

"டூரிஸ்ட்டா இருக்கும்."

"ஆமா. டூரிஸ்ட்டுக்குத்தான் நம்ம தேங்கா ரொட்டி சுடத் தெரியும்," என்றாள் பூரணி. பெண்கள் இந்த முறை சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு இன்னும் முக்கால் மணி நேரம் அளைந்தான். நகக்கண்ணெல்லாம் கரி. குழியுள்ள துண்டு கிடைக்கவில்லை. ஏரியிலிருந்து மூட்டம் எழும்பி, தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறியது. மணி ஐந்தே கால். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பழைய மேட்டில் கொடிக்குள் மறைந்து ஏதாவது ஒரு கல் மிஞ்சியிருக்கும். அதை எடுத்து வந்து, ஸ்குரூ டிரைவரால் விளிம்பில் ஒரு குழி குடைந்து, அம்மாவின் தலைமாட்டில் நட்டுவிட்டால் லோஜினிக்கு என்ன தெரியப்போகிறது? கண்ணீர் வந்தால் கண் தெரியாது. தன் புத்தியை நினைத்து அவனுக்கே கொஞ்சம் கோபம் தணிந்தது.

நானூறு மீட்டரையும் ஓட்டிக் கடந்தான். டயருக்கடியில் சல்லி சரசரவென்று அரைபட்டது. கிறவல் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம் பாட்டு மாதிரி, அதைக் கேட்டே பாதையின் ஈரத்தையும் இறுக்கத்தையும் சொல்லிவிடுவான். பழைய மேட்டடியில் பிரேக் பிடித்தான். சைக்கிள் நின்றது. சரசரப்பு நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால், மூட்டத்துக்குள், இன்னும் ஒரு மூச்சு நேரம் சரசரத்துவிட்டுத்தான் நின்றது.

கல் இறுகுகிற சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான்.

பழைய மேடு பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மழைத் தண்ணீர். டர்பன்டைன் மரத்தின் வேரடியில், பன்னல் புதருக்குள், ஒரே ஒரு கல் மிஞ்சியிருந்தது. ஆளின் தலையளவு. ஒரு பக்கம் கரி. அதை அவன் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியபோது, மண் அதை விட மனமில்லாததுபோல் உறிஞ்சி இழுத்து, பிறகு விட்டது. முதுகுப் பைக்குள் கல்லைத் திணிக்கும்போது போன் அடித்தது. துரைராசா.

"தம்பி, செல்லசாமி நிக்கிறான் இதிலை. கடைசி அம்பது மீற்றருக்குப் போட்ட கல்லு காணாதாம், குறையுதாம். காலமை சனம் வந்து இறங்கப்போகுது. பழைய இடத்திலை இன்னும் கிடக்கோ?"

"இங்க ஒண்ணும் இல்லங்கய்யா. எல்லாம் முடிஞ்சிருச்சு."

"அப்ப சவாரியை நிப்பாட்டுவம். வேற வழியில்லை. உம்மட அந்த வேலையையும் பிறகு பாப்பம்."

விஜிதரன் பல்லைக் கடித்தான். எத்தனை மாதம். எத்தனை மழை. மூட்டம் அவன் முழங்காலைத் தொட்டது. "புது மேட்டுல எடுக்கச் சொல்லுங்க," என்றான். "காலையில வெள்ளன வந்து அள்ளட்டும். லயத்து ஆளுங்க பெரட்டுக்குப் போன பெறகு. ஓரத்துல இருக்கிற ஒரு கல்ல மட்டும் தொடக்கூடாது. எங்கம்மா கல்லு. மஞ்ச பூசி வச்சிருப்போம், அதுதான் அடையாளம்."

"உம்மட அம்மான்ர கல்லோ? சீச்சீ, அதைத் தொடுவினமே? செல்லசாமி, கேட்டதுதானே?"

தூரத்தில் செல்லசாமி "கேட்டுச்சுங்கய்யா" என்றது கேட்டது.

போனை வைத்தான். சுற்றிலும் சத்தமில்லை. அதுவரை தவளை கத்திக்கொண்டிருந்தது என்பதே, அது நின்ற பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. குழிகளில் இருந்த தண்ணீரெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

சைக்கிளில் ஏறினான்.

திரும்புகிற வழி அதே நானூறு மீட்டர். முன் விளக்கைப் போட்டான். வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகாமல் பஞ்சு மாதிரி மூட்டத்தில் ஒட்டிக்கொண்டது. ஏரித் தண்ணீரின் பாசி வாசம் முதலில் வந்தது, அதற்குள்ளிருந்து நனைந்த விறகு பற்றிக்கொள்ளும்போது வருகிற கசந்த புகையின் வாசம், அதற்கும் உள்ளேயிருந்து தேங்காய் கருகுகிற வாசம். பையில் கல் கனத்தது. ஏற்றும்போது ஐந்து கிலோ இருந்திருக்கும். இப்போது பத்து. தோள்பட்டைக்கு நடுவில் வெதுவெதுப்பு. வியர்வை என்று நினைத்தான். வெதுவெதுப்பு சூடானது. சட்டைத் துணி முதுகில் ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு பையைக் கொடுத்த துரைராசாவைத் திட்டினான். பள்ளமான பாதையைத் திட்டினான். பூரணியை, பூரணியின் பாட்டனை, கப்பலை, கப்பல் கட்டினவனைத் திட்டினான். திட்டத் திட்ட மூச்சு வாங்கியது, மிதி கனத்தது, சக்கரம் உருண்டும் பாதை நகராததுபோல் இருந்தது.

நிறுத்தினான்.

சரசரப்பு நிற்கவில்லை.

காது கொடுத்துக் கேட்டான். டயர்ச் சத்தம் இல்லை இது. வேறு. சுளகில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு, பெண்கள் கல் பொறுக்குவார்களே, ஒரு கை அளைய, மறு கை பொறுக்க, டிக் டிக்கென்று கல் ஓரமாகப் போய் விழும். அந்தச் சத்தம். ஒரு சுளகு இல்லை. பத்து இல்லை. முன்னால். பின்னால். பாதை நீளத்துக்கு.

"யார்றா அது?"

அளைகிற சத்தம் நின்றது.

"எவன்டா வெளையாடுறது? அடிச்சே கொன்னுருவேன்!"

சத்தம் மீண்டும் ஆரம்பித்தது. அவசரமில்லாமல்.

மூட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஊதினால் சிவக்கிற கங்கு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பாதையின் இரண்டு ஓரத்திலும் ஒன்றொன்றாக அடுப்புகள் கண் திறந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் குந்தியிருந்தது. சாக்குப் படங்கைத் தலையில் கவிழ்த்திருந்தது. மடியில் சல்லி. துண்டோடு துண்டு வைத்துப் பார்க்கிறது. பொருந்தவில்லை. கீழே போடுகிறது. அடுத்த துண்டு.

அடுப்புகளில் சட்டி இருந்தது. ஒவ்வோர் அடுப்பிலும் இரண்டு கல். இரண்டுதான். மூன்றாவது பக்கத்தில் கல் இல்லை. கை. நெருப்புக்குள் கையைக் கொடுத்து அந்த ஆள் சட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. கை கருகியிருந்தது. ரொட்டி வாசம் அங்கிருந்து வந்தது.

அது ரொட்டி இல்லை.

ஒருவரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பான். அதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அவ்வளவுதான். பல வருடம் பெரட்டுக்களத்தில் நின்று, பேர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் பார்க்கிற பார்வை.

"அது எங்களது," என்றது ஒரு குரல். பின்னாலிருந்து. பெண் குரல்.

பையின் ஜிப் தானாகத் திறந்தது. கனம் போனது. கல்லை ஒரு கிழவி மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அடுப்பில் வைத்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பாடா," என்றாள். ஐம்பது வருடக் களைப்பு அந்த ஒரு சொல்லில் இருந்தது.

மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். சல்லி வழுக்கியது. விழுந்தான். எழுந்தான். ஓடினான். லயத்து விளக்கு தெரிய வேண்டும். தெரியவில்லை. அடுப்பு. அடுப்பு. அடுப்பு. கடைசி அடுப்பு புது மேட்டு ஓரத்தில். அதில் ஒருத்தி. முதுகைப் பார்த்தே தெரிந்தது. வலது தோள் இறங்கிய முதுகு. முப்பது வருடம் கூடை இழுத்த தோள்.

"வந்துட்டியா," என்றாள் அம்மாக்கண்ணு. திரும்பவில்லை. "லோஜி விடிஞ்சா வந்துரும். பசியோட வரும் புள்ள. அடுப்பு நிக்க மாட்டேங்குது."

"நீ எங்கம்மா இல்ல!" கத்தினான். "எங்கம்மா செத்திருச்சு! நான் ஒண்ணும் பண்ணல! செல்லசாமிதான்… பெட்டி நெறையலன்னு…"

"ஏன் கத்துற? எப்பப் பாத்தாலும் கோவம்." அவள் குரலில் கோபமே இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். மொட்டைக் கத்தி. வெங்காயம் நறுக்குகிற கத்தி. "மூணாவது கல்லு இல்லாம நான் என்னா பண்றது? குந்து."

முழங்கால் மடங்கியது. அவன் மடக்கவில்லை.

"தலையக் குடு."

குளிர்ந்த மண். ஒரு கன்னத்தில் நெருப்பு. நெற்றியில் கத்தி. முன்னும் பின்னும். முன்னும் பின்னும். அம்மா தீட்டும்போது முனகுகிற அதே முனகல். வாயைத் திறந்தான். திறக்க வாய் இல்லை.

விடிந்தது.

ஊசிமலையில் விடிவது என்றால் கறுப்பு மூட்டம் வெள்ளை மூட்டமாக மாறுவது. முதலில் இரண்டு சோடிக் கால்கள் வந்தன. ஒன்றில் கொலுசு.

"எங்கங்க போயிருக்கும் எங்கண்ணன்? போனும் எடுக்கல."

"ஒங்க அண்ணன் யார்கிட்டயாவது மல்லுக்கு நிக்கும்," என்றான் அவள் புருஷன் கஜேந்திரன். "கல்லு எங்க?"

"இந்தா. சொன்ன மாதிரியே கழுவி வச்சிருக்கு பாருங்க." லோஜினி குந்தினாள். முகம் மிக அருகில் வந்தது. இரவெல்லாம் ரயிலில் வந்த கண். விரலை நீட்டி விளிம்பைத் தடவினாள். குழியைத் தேடினாள். விரல் நீளம், விரல் ஆழம். விரல் அதில் இறங்கிப் பொருந்தியது. "அம்மா கல்லேதான்."

விஜிதரன் கூப்பிட்டான். லோஜி. லோஜி. ஒன்றும் எழவில்லை. கோபம் வந்தது. அது மட்டும் வந்தது. போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் காய்ந்தது.

"ஐயோ, கல்லு சுடுதுங்க."

"வெயில்ல நின்னா சுடாதா?" என்றான் கஜேந்திரன். வெயில் இல்லை.

அவள் மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். வாழை இலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, அண்ணனுக்கு நல்ல புத்தி கொடு தாயே என்று கேட்டு, கொஞ்சம் அழுதாள். கொலுசு தூரத்தில் தேய்ந்து மறைந்தது.

பிறகு மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. மஞ்சளைக் கழுவப் போதுமான மழை.

ட்ராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. செல்லசாமி இறங்கினான். கடப்பாரையால் ஒவ்வொன்றாகத் தட்டி, ஆட்டி, தூக்கிப் பெட்டியில் போட்டான். ஒவ்வொன்றும் விழும்போது ஒரு சத்தம். கல் மேல் கல் விழுகிற சத்தம் இல்லை அது, விஜிதரனுக்கு இப்போது அந்த வித்தியாசம் தெரியும். ஏரி வளைவில் சைக்கிள் மணிகள் கேட்டன. யாரோ இங்கிலீஷில் சிரித்தார்கள்.

செல்லசாமி பெட்டியின் விளிம்பில் கையூன்றி எட்டிப் பார்த்தான். பீடியை எடுத்துக் கீழே போட்டான். மேட்டின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நெறையலயே," என்றான்.